காளான் கூடையும் கடைசி ஸ்டேஷனும்

என் நாக்கை ஏமாற்ற இந்தச் செக் நாட்டில் ஒருத்தனும் பிறக்கவில்லை. ஐம்பது வருஷமாகப் பீர் குடிக்கிற நாக்கு! இதை நான் தினமும் சொல்வேன். என் மனைவி லிபுஷே தலையாட்டிக்கொண்டே துணி மடிப்பாள்.

ஜூன் மாதம் டாக்டர் என் நெஞ்சைப் பரிசோதித்துவிட்டு, "இனி பீரைத் தொட்டீங்கன்னா ஆளே இருக்கமாட்டீங்க, வெந்தெலின்" என்றார். லிபுஷே அழுதாள். நான் சத்தியம் செய்தேன். சத்தியம் வியாழக்கிழமை வரை தாங்கியது.

வியாழன் காலை கூடையோடு கிளம்பினேன். "காளான் பொறுக்கப் போறேன்!" எங்கள் பக்கம் காளானுக்குப் போகிறவனை எந்தக் காடு என்று கேட்கக்கூடாது; அவரவர் இடம் அவரவர் ரகசியம். கட்டின மனைவிகூடக் கேட்கமாட்டாள். எவ்வளவு வசதி! ஒற்றைப் பெட்டி ரயிலேறிக் கடைசி ஸ்டேஷனில் இறங்கினால் எதிரிலேயே குட்டி பீர் ஆலை. முதலாளி ஹைனெக் மூன்று குவளை ஊற்றுவான். ஸ்டேஷனில் விற்கிற காளானை வாங்கிக் கூடையை நிரப்பி, பாடிக்கொண்டே வீடு திரும்புவேன்.

வாராவாரம் வியாழக்கிழமை, மூன்று மாதம் இப்படியே ஓடியது. இந்த வியாழன் லிபுஷேயும் செருப்பை மாட்டினாள்.

"நானும் வர்றேங்க."

"உனக்கு முழங்கால் வலியாச்சே!"

"ரயில்தானே நடக்கப்போகுது?"

எனக்கு வேர்த்துக் கொட்டியது. வழியில் காட்டு நிறுத்தத்திலேயே இறங்கிவிடலாம் என்று, அது வருமுன்பே வண்டியை நிறுத்தச் சொல்லும் பொத்தானை அமுக்கப் பாய்ந்தேன். அவள் கையைப் பிடித்துவிட்டாள்.

"இங்க என்னங்க வேலை? கடைசி ஸ்டேஷன்தானே?"

செத்தேன்.

பீர் ஆலைக்குள் நுழைந்ததுமே ஹைனெக் எழுந்து வந்தான். "வாங்கக்கா!"

அக்காவா? ஆளுக்கொரு குவளை வைத்தான். லிபுஷே தன்னுடையதை என் பக்கம் நகர்த்தினாள்.

"ஒரே ஒரு வாய். நெஞ்சு தேறிடுச்சுன்னு நேத்து டாக்டர் சொன்னாரே, அதுக்காக."

அவள் குவளையில் ஒரு வாய் குடித்தேன். முகம் சுளித்தேன். "டேய் ஹைனெக்! இதெல்லாம் ஒரு பீராடா? ஒரே கசப்பு! என் குவளையில இருக்கு பாரு, அதுதான்டா அசல்!"

ஹைனெக் சிரிப்பை அடக்கமுடியாமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உள்ளே ஓடினான். லிபுஷே குவளைக்கு அடியில் வைக்கிற வட்ட அட்டையை எடுத்துத் தன் குவளை மேல் வைத்து மூடினாள். போதும் என்று அர்த்தம்.

"இதுதாங்க அசல். உங்களுக்கு முதல் வாரத்துலேர்ந்தே ஊத்தினது போதையில்லாத பீர்தான். நீங்க கூடையைத் தூக்கினப்பவே எங்க போறீங்கன்னு புரிஞ்சுபோச்சு, நான்தான் ஹைனெக்குக்குப் போன் பண்ணிச் சொன்னேன்."

"அடிப்பாவி! போகாதேன்னு சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு ஜன்னலோரம் உக்காந்திருப்பீங்க. எனக்குப் பாடிக்கிட்டு வர்ற மனுஷனும் வேணும். அவரு அடுத்த வியாழக்கிழமையும் இருக்கணும்."

அவள் கண் கலங்கியது. அவள் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். பிறகுதான் அந்தச் சந்தேகம் வந்தது.

"அப்போ ரயில்ல நான் தள்ளாடினது, பாடினது, கண்டக்டரைக் கட்டிப் பிடிச்சு அழுதது?"

லிபுஷே என் கன்னத்தைத் தட்டினாள்.

"அதெல்லாம் நீங்களேதாங்க."