மரத்தடியில் பாம்பு இருப்பதாக நான் சொன்னது

என் அன்புச் சுருட்டைக்கு,

நான் நலம். நீ நலமா என்று கேட்டால் சிரிப்பாய், அதனால் கேட்கவில்லை. முடியே இல்லாத தலைக்குச் சுருட்டை என்று பெயர் வைத்த உன் ஆலைக் கூட்டாளிகளில் மெர்வ் மட்டும்தான் மிச்சம். அவனும் பக்கத்து வீட்டில் புது முட்டியோடு நலம். பதினான்கு வயதில் பள்ளிக்கூடத்தை விட்டுப் பழம் டப்பாவில் அடைக்கப் போனவள் நான், பிழை இருந்தால் பொறுத்துக்கொள். எனக்கு ஒரே கோபம். உயிரோடு இருப்பவர்களிடம் சொல்ல முடியாத விஷயம், அதனால் உனக்கு எழுதுகிறேன்.

தெருக்கோடிப் பூங்காவில் நாய்களும் மாக்பைப் பறவைகளும் நானும் சும்மா இருந்தது கவுன்சிலுக்குப் பொறுக்கவில்லை. செயற்கைப் புல் போட்டு ஹாக்கித் திடல் வைக்கிறார்களாம், எட்டு விளக்குக் கம்பம், அறுபது கார் நிறுத்த இடம், பிள்ளைகளுக்கு உடை மாற்றும் அறை. அந்த அறை எங்கே வருகிறது தெரியுமா? உன் மேல்.

நம் மகள் கெரின் உன் சாம்பலைக் கடலில் தூவ வேண்டும் என்றாள். நானும் தலையாட்டினேன். கடலுக்கு இரண்டு பஸ் மாற வேண்டும், பூங்காவின் யூகலிப்டஸ் மரத்தடிக்கு வீட்டுச் செருப்போடு போய்விடலாம். கெரின் சின்னவளாக அங்கே ஹாக்கி விளையாடியபோது சனிக்கிழமைதோறும் நீ சாய்ந்து நின்று சிகரெட் பிடித்த மரம். அங்கே தூவ அனுமதி வாங்கப் படிவம் நிரப்ப வேண்டுமாம், எனக்கும் படிவத்துக்கும் என்றைக்கு ஒத்துப்போனது? ஒரு காலையில் டீ பிளாஸ்கையும் உன்னையும் ஒரே பையில் வைத்துக்கொண்டு போய்த் தூவிவிட்டேன். ஒரு வாய் டீ குடிப்பதற்குள் கவுன்சில்காரன் புல் வெட்டும் வண்டியில் வந்து மரத்தை இரண்டு சுற்றுச் சுற்றிப் போனான். உன்னில் எவ்வளவு மரத்தடியில், எவ்வளவு அவன் புல் மூட்டையில் என்று இன்று வரை எனக்குத் தெரியாது. அதற்கே அவர்களை நான் மன்னிக்கவில்லை. கெரினுக்குத் தெரியாமல் இருக்க, அலமாரியில் உன் டப்பாவில் கணப்புச் சாம்பலைப் போட்டு வைத்திருக்கிறேன். கெரின் ஞாயிறுதோறும் வந்து அதைத் தடவிக்கொடுத்து, "என்னப்பா, எப்படி இருக்கே" என்கிறாள். நான் கெட்டிலைப் பார்க்கப் போய்விடுவேன்.

இரண்டு வாரம் முன்னால் ஒரு சனிக்கிழமை பூங்காவில் கருத்துக் கேட்கும் கூட்டம். கருத்துக்கு முன்னால் ரொட்டியில் சுருட்டிய சாசேஜ். வெங்காயம் கருகியிருந்தது. கோபத்தில் மூன்று தின்றேன். டீகன் என்று ஒரு கவுன்சில் பெண், பெரிய வரைபடத்தைப் பலகையில் மாட்டி, ஆளுக்கு மூன்று பச்சை ஒட்டுப்பொட்டும் மூன்று சிவப்பும் கொடுத்தாள். பிடித்த இடத்தில் பச்சை, பிடிக்காத இடத்தில் சிவப்பு. மெர்வ் மூன்று பச்சையையும் விளக்குக் கம்பத்திலேயே ஒட்டினான்.

"உன் படுக்கையறைக்குள்ள வெளிச்சம் அடிக்கும்டா" என்றேன்.

"அடிக்கட்டும், எனக்குக் கரண்டு மிச்சம்" என்றான்.

நம் மகள் தன் பன்னிரண்டு வயதுப் பெண்கள் அணியை மட்டையோடு கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். பயிற்சியாளராம். பதினைந்து பிள்ளைகளும் உன் மேல் பச்சை ஒட்டிவிட்டுப் போனார்கள். நான் கூட்டத்தை இடித்துக்கொண்டு போய் மூன்று சிவப்பையும் அதே இடத்தில் அப்பினேன்.

"ஏம்மா, உனக்கு என்னதான் பிரச்சனை?" என்றாள் கெரின். "இந்தப் பிள்ளைங்க காருக்குள்ள துண்டைப் புடிச்சுக்கிட்டு டிரஸ் மாத்துதுங்க. போன வாரம் ஒருத்தி அழுதுட்டே வீட்டுக்குப் போயிட்டா. அந்த மரத்தடியில அப்படி என்ன வச்சிருக்கே?"

டீகனும் குறிப்பேட்டோடு வந்துவிட்டாள். "சொல்லுங்க நோலீன், ஏன் இந்த இடம் மட்டும்?"

என்ன சொல்வது? வாயில் வந்ததைச் சொன்னேன். "அங்க பாம்பு இருக்கு."

"என்ன பாம்பு?"

"பழுப்பு. பெருசு."

"எப்பப் பாத்தீங்க?"

"தினமும் பாக்குறேன். டீ குடிக்கும்போது."

மெர்வ் சாசேஜை வாயில் வைத்துக்கொண்டே சொன்னான்: "பாம்பு பக்கத்துல உக்காந்து டீயா? அதுசரி, சுருட்டைகூட நாப்பத்தாறு வருஷம் இருந்தவளுக்குப் பாம்பு எம்மாத்திரம்."

எல்லோரும் சிரித்தார்கள். கவுன்சில் மட்டும் சிரிக்கவில்லை. திங்கட்கிழமை மரத்தைச் சுற்றிக் கம்பி வேலி, ஆபத்து என்று பலகை. பாம்பு பிடிக்கிறவன் மூன்று நாள் தேடி ஒரு கொழுத்த நீலநாக்கு அரணையைப் பிடித்தான். பாம்பு கிடைக்கவில்லை, அதனால் இல்லை என்று சொல்ல முடியாது என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான், படித்தவன். வேலி அப்படியே நிற்கிறது. நான் தினமும் வெளியே நின்று, கையில் டீயோடு, உனக்குக் கேட்க வேண்டுமே என்று உரக்கப் பேசுகிறேன். நாய்க்காரர்கள் அந்தப் பக்கமாகச் சுற்றிப் போகிறார்கள். மெர்வ் நேற்று, "பாம்பு என்ன சொல்லுது?" என்று கேட்டான். உன்னை வேலிக்குள் வைத்தது நான்தான் என்று நினைக்கும்போது எனக்கு என் மேலேயே பற்றிக்கொண்டு வருகிறது.

இன்று கவுன்சில் கடிதம். நோலீன் அவர்கள் தந்த தகவலுக்கு மிக்க நன்றியாம். மரமும் புதரும் பாம்புக்கு இடம் கொடுப்பதால், திட்டம் நிறைவேறினால் முதல் வேலையாக அவற்றை வெட்டிச் சுத்தம் செய்வார்களாம். கூடவே படிவம், ஒரே கேள்வி: விளையாட்டு வசதி வேண்டுமா, வேண்டாமா. வெள்ளிக்கிழமை கடைசி நாள். வேண்டாம் என்ற கட்டத்தில் காகிதம் கிழிகிற மாதிரிக் குறி போடப் போகிறேன். அவர்கள் விளையாட வேறு இடம் ஆயிரம் உண்டு. எனக்கு நீ இருக்கிற இடம் ஒன்றுதான்.

மெர்வ் உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னான். கெரின் தன் அன்பை டப்பாவிடம் கொடுத்துவிட்டாள், நான் இங்கே எழுதிச் சேர்க்கிறேன். குளிர் வருகிறது, வேலிக்குள் காற்று அடிக்காமல் இருக்கட்டும்.

உன்,
நோலீன்

பின்குறிப்பு: கட்டத்தில் போடத் தடித்த சிவப்புப் பேனா தேடி உன் கொட்டகைக்குப் போனேன். கருவிப் பெட்டிக்கு அடியில் ஒரு கார்பன் நகல். உன் கையெழுத்து, கவுன்சிலுக்கு, கெரினுக்குப் பதினொரு வயதான வருஷம். "ஐயா, என் மகளும் அவள் தோழிகளும் காருக்குள் உடை மாற்றுகிறார்கள். அவளுக்கு வெட்கமாக இருக்கிறது, விளையாட்டையே விட்டுவிடுவேன் என்கிறாள். மரத்தடியில் பெண் பிள்ளைகளுக்கு ஓர் அறை கட்டிக் கொடுங்கள். மரம் இடைஞ்சல் என்றால் வெட்டிவிடுங்கள், அதனால் யாருக்கும் பயனில்லை." அந்த வருஷம்தான் அவள் ஹாக்கியை விட்டாள். சோம்பேறி என்று நான் திட்டினேன். நீ பக்கத்தில்தான் நின்றாய், ஒரு வார்த்தை சொல்லவில்லை. இப்போது பேனா கையில் இருக்கிறது, படிவம் மேசையில் இருக்கிறது. எந்தக் கட்டத்தில் போடட்டும், சுருட்டை?