எதிர்ப்பைத் தேடி அலைகிறவர்

யாரும் அடிக்காமலேயே அடி வாங்கியவராக வாழ்கிற ஒரு வகை மனிதர் உண்டு. அவரை உங்களுக்கு அறிமுகப்படுத்தி வைக்கிறேன். பயப்படாதீர்கள், கடிக்க மாட்டார். நீங்கள்தான் அவரைக் கடித்ததாகப் பிற்பாடு சொல்லுவார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏதாவது ஒரு சபைக்குப் போய்ப் பாருங்கள். பாட்டெல்லாம் முடிந்து, பிரசங்கத்துக்கு முன்னால், "கர்த்தர் செய்ததைச் சாட்சி சொல்ல விரும்புகிறவர்கள் வரலாம்" என்று பாஸ்டர் மைக்கை நீட்டுவதற்குள், வெள்ளைச் சட்டையை முழங்கை வரை மடித்துக்கொண்டு, கண்ணைப் பாதி மூடிக்கொண்டு, எந்த நாற்காலியிலும் இடித்துக்கொள்ளாமல் ஒருவர் நடுப்பாதையில் பாதித் தூரம் வந்திருப்பார். அவரேதான். எங்கள் சபையில் அவருக்குப் போராட்டம் அண்ணன் என்று பெயர். யார் வைத்ததோ தெரியாது. அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவருக்குக் கோபம் வராது, உள்ளுக்குள் குளிர்ந்துபோவார்.

"இந்த வாரம் பெரிய போராட்டம்" என்றுதான் ஆரம்பிப்பார். எல்லா வாரமும் பெரியதுதான். சின்னப் போராட்டம் நடந்த வாரம் ஒன்றுகூட எனக்கு நினைவில்லை.

எனக்கு எப்படி இவ்வளவு தெரியும் என்று கேட்பீர்கள். நானும் அவரும் ஒரே மோட்டார் உதிரிபாகக் கிடங்கில் வேலை பார்க்கிறோம். பேரிங், பெல்ட் அலமாரிகள் அவர் பொறுப்பு. முன்னறையில் பில் போடுவது நான். ஆகவே ஆறு நாள் நடப்பதையும், ஏழாம் நாள் அது சாட்சியாகிற விதத்தையும் பக்கத்திலிருந்து பார்க்கும் பாக்கியம் பெற்றவன்.

அவருக்கு ஊழியத்துக்கான அழைப்பு வந்த கதையை முதலில் கேளுங்கள். கீழ்த்தளத்துச் சரக்கையெல்லாம் மூன்றாம் மாடிக்கு ஏற்ற வேண்டும், லிஃப்ட் பழுது, ஆளாளுக்குத் தோளில் தூக்குங்கள் என்று உத்தரவான அந்தக் காலையில்தான், "நீ இதற்காகப் பிறந்தவன் அல்ல" என்று கர்த்தர் அவரோடு பேசினார். உண்மையைச் சொன்னால், அன்றைக்கு எங்கள் ஒன்பது பேருடைய மனசிலும் அதே வாக்கியம்தான் ஓடியது. அது அழைப்பு என்று எங்களுக்குத் தெரியாமல் போயிற்று. தூக்கினோம். அவர் ஒரு மூலையில் முழங்காலில் நின்றார்.

அழைப்பு வந்துவிட்டதல்லவா? அழைக்கப்பட்டவனுக்கு எதிர்ப்பு வந்தே தீர வேண்டும். வரவில்லையென்றால் அழைப்பிலேயே சந்தேகம் வந்துவிடுமே. காத்துக்கொண்டிருக்க அவருக்குப் பொறுமை போதவில்லை, தேடிக் கிளம்பினார்.

கிடங்குக்கு, வேதத்தில் வருகிற சிங்கக் குகையை நினைத்து, சிங்கக் கெபி என்று பெயரிட்டார். சிங்கம் எங்கள் மேனேஜர். அந்தச் சிங்கத்துக்கு ஐம்பத்தாறு வயது, சர்க்கரை வியாதி, மூன்று மணியானால் காய்ந்த ரொட்டியை வெந்நீரில் நனைத்துச் சாப்பிடும். எறும்பு போனால்கூட வழிவிட்டு நிற்கிற மனிதர். ஒருநாள் ஃபேன் பெல்ட் வாங்க வந்தவரிடம், என்ன அளவு என்று கேட்பதற்கு முன்னால், "இன்னைக்கே நீங்க செத்துட்டா எங்க போவீங்க?" என்று நம்மவர் கேட்டு வைத்தார். வந்தவர் வேறு கடைக்குப் போய்விட்டார். மேனேஜர் கூப்பிட்டு, "ஏம்ப்பா, முதல்ல பெல்ட்ட எடுத்துக் குடுத்துட்டு, அப்புறமா கேளேன்" என்றார். அவ்வளவுதான் நடந்தது. ஞாயிற்றுக்கிழமை அது, "விசுவாசத்துக்காக அதிகாரிகளுக்கு முன்னால் நிறுத்தப்பட்டேன்" என்று வெளிவந்தது. சபை முழுக்க ஸ்தோத்திரம் சொன்னது. நானும் சொன்னேன், வேறென்ன செய்வது?

வீடு மட்டும் தப்புமா? "என்னங்க, சமையலறைக் குழாய் ஒழுகுது, நாலு நாளா சொல்றேன்" என்று அவர் மனைவி ஒருமுறை கதவைத் தட்டினார். உள்ளே உபவாச ஜெபம். "சத்துரு எப்பவும் பக்கத்துல இருக்கறவங்க மூலமாத்தான் வருவான்" என்று உள்ளிருந்து பதில் வந்தது. "சத்துரு இல்லங்க, வாஷர்" என்றார் அந்த அம்மாள். பிறகு அந்த அம்மாளே ஸ்பானரை எடுத்து வாஷரை மாட்டினார். அடுத்த சாட்சியில் 'சொந்த வீட்டிலேயே எதிர்ப்பு' என்று ஒரு தலைப்பு சேர்ந்தது. பெண்கள் பக்கத்தில் மூன்றாவது நாற்காலியில் உட்கார்ந்து அந்த எதிர்ப்பும் அதைக் கேட்டுக்கொண்டிருந்தது.

இவருடைய இறையியலில் ஒரு நுட்பம் உண்டு. அதைப் புரிந்துகொண்டால் ஆளையே புரிந்துகொள்ளலாம். வெளியூர்க் கூட்டமொன்றில் பத்து நிமிஷம் பேச அழைத்திருந்தார்கள். போகிற வழியில் பஸ் பஞ்சர், கொட்டுகிற மழை, மேடையில் கரண்ட் போயிற்று. "சத்துரு தடுக்கப் பார்க்கிறான், விடமாட்டேன்" என்று நனைந்துகொண்டே நடந்து போய், மைக் இல்லாமலே நாற்பது நிமிஷம் பேசிவிட்டு வந்தார். அதே மாதம், சனிக்கிழமை சபைக் கழிப்பறையைக் கழுவ ஆள் வேண்டும் என்று பாஸ்டர் கேட்டார். நம்மவருக்கு லேசாகத் தும்மல். "கர்த்தர் கதவை அடைக்கிறார்" என்றார். ஆக, போக ஆசைப்படும் இடத்துக்குத் தடை வந்தால் அது சத்துரு. ஆசைப்படாத இடத்துக்குத் தடை வந்தால் அது கர்த்தர். மேலே இருப்பவரும் கீழே இருப்பவனும் இவருடைய விருப்பத்தைக் கேட்டுக்கொண்டுதான் வேலைக்கே இறங்குகிறார்கள்.

இதுவரை சிரிப்புக்குச் சொன்னேன். இனி ஒரு அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்கள் கிடங்கில் அட்டைப்பெட்டி கட்டுகிறவர் அந்த அக்கா. நாலு வருஷமாக எங்கள் சபைக்கு வருகிறார். கடைசி வரிசை. சாட்சி சொன்னதே இல்லை. சபைக்கு வரத் தொடங்கியபோது, "இனி இந்த வீட்டு வாசப்படி மிதிக்காத" என்று அவருடைய அண்ணன் சொல்லிவிட்டார். அண்ணன் பள்ளிக்கூட வண்டி ஓட்டுகிறவர். கெட்ட மனிதர் இல்லை, தங்கை தங்களை விட்டுப் போய்விட்டாள் என்ற காயம். இரண்டு மாதத்துக்கு முன் அவர்களுடைய அம்மா பக்கவாதத்தில் விழுந்தார். பேச்சு போய்விட்டது, கையை மட்டும் அசைத்து மகளைக் கேட்கிறார் என்று பக்கத்து வீட்டுக்காரர் போன் செய்தார். அண்ணன் வைத்த நிபந்தனை ஒன்றே ஒன்று: சொந்தக்காரர் நாலு பேர் முன்னால், இனிமேல் சபைக்குப் போக மாட்டேன் என்று சொல்லிவிட்டு உள்ளே வரவேண்டும்.

அக்கா போராட்டம் அண்ணனிடம் போனார்.

"அண்ணே, ஒரு சின்ன உதவி. சனிக்கிழம சாயங்காலம் எங்க அண்ணன் வீடு வரைக்கும் கூட வர முடியுமா? நீங்க எதுவும் பேச வேண்டாம். கூட நின்னா போதும். தனியா போனா, அம்மாவப் பாக்கற ஆசையில அவர் கேக்கறத சொல்லிட்டு உள்ள போயிடுவேனோன்னு பயமா இருக்கு."

அவர் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். இத்தனை வருஷமாகத் தேடிய அசல் எதிர்ப்பு, முகவரியோடு வந்து நிற்கிறது. "கண்டிப்பா வர்றேன் சகோதரி, இதுக்குத்தான் என்னை அழைச்சிருக்கார்" என்றார். வெள்ளிக்கிழமை உபவாசம்கூட இருந்தார்.

சனிக்கிழமை இருவரும் பஸ்ஸை விட்டு இறங்கி, தெருமுனை வரை வந்தார்கள். அக்காவின் அண்ணன் வாசலிலேயே நின்றிருந்தார். ஆள் நல்ல உயரம். வேட்டியோ சட்டையோ, எதையோ மடித்துவிட்டுக்கொண்டிருந்தாராம். நம்மவருடைய செருப்பு வார் அந்த நிமிஷம் பார்த்து அறுந்தது.

குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாராம், ரொம்ப நேரம்.

"சகோதரி, ஒரு தடை வருது. இது அவருடைய நேரமில்லன்னு உள்ளத்துல உணர்த்தப்படறேன்."

"செருப்புதானே அண்ணே, கழட்டிப் போட்டுட்டு வாங்க."

"அதை அப்படி லேசா எடுத்துக்கக் கூடாதும்மா."

அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டார். இதையெல்லாம் அந்த அக்கா என்னிடம் குறையாகச் சொல்லவில்லை. "பாவம், அண்ணனுக்கு செருப்பு அறுந்துபோச்சு" என்றுதான் சொன்னார்.

அக்கா தனியாகப் போனார். அண்ணன் அதையே கேட்டார். அக்கா அதைச் சொல்லவும் இல்லை, திரும்பிப் போகவும் இல்லை. இருட்டும்வரை கேட்டுக்கு வெளியே நின்றார். ஞாயிறு நின்றார். திங்கள் வேலை முடிந்து போய் நின்றார். செவ்வாய்க்கிழமை அண்ணன் கேட்டைத் திறந்து, "உள்ள வந்து அம்மாவ குளிப்பாட்டிட்டுப் போ. வாயத் திறக்கக் கூடாது" என்றார்.

"நீங்க அதச் சொல்லலையாக்கா?" என்று கேட்டேன்.

"இல்ல தம்பி. அவரும் மறுபடி கேக்கல. வாயத் திறக்காம இருக்கறது எனக்கு ஒண்ணும் கஷ்டமில்ல. அம்மா என் கையப் பிடிச்சுக்கிட்டு விடவே இல்ல."

அடுத்த ஞாயிறு சாட்சி நேரம். வெள்ளைச் சட்டை நடுப்பாதையில் வந்தது. "ஒரு ஆத்துமாவுக்காக யுத்த களத்துக்கே போனேன். சத்துரு என் காலையே தாக்கினான்" என்று குரல் தழுதழுத்தது. சனிக்கிழமை செருப்பை அறுத்தவர் கர்த்தர். ஒரு வாரத்தில் அந்தப் பழி கைமாறிவிட்டது. சபை ஸ்தோத்திரம் சொன்னது. நான் திரும்பிக் கடைசி வரிசையைப் பார்த்தேன். அக்கா அவருக்காகக் கண்ணை மூடி மெய்யாகவே ஜெபித்துக்கொண்டிருந்தார். கடைசிப் பாட்டு தொடங்கியதும் எழுந்து போய்விட்டார். அம்மாவைக் குளிப்பாட்டுகிற நேரம்.

நன்றாகச் சிரித்தீர்களா? நானும் எழுதும்போது சிரித்தேன். ஆனால் ஒரு விஷயத்தைச் சாமர்த்தியமாக விட்டுவிட்டேன். அந்த அக்கா முதலில் கேட்டது போராட்டம் அண்ணனை அல்ல. என்னை.

புதன்கிழமை மத்தியானம் பில் அறைக்கு வந்து, இதே வார்த்தைகளில் கேட்டார். "கண்டிப்பா ஜெபிக்கிறேன்க்கா" என்றேன். சும்மா சொல்லவில்லை, ஜெபிக்கவும் செய்தேன். அதுதான் இன்னும் வெட்கமாக இருக்கிறது. நான் மேலே ஏதாவது சொல்வேனோ என்று அக்கா கொஞ்சம் நின்று பார்த்தார். நான் அடுத்த பில்லை எடுத்தேன். "சரி தம்பி" என்று போய்விட்டார். அந்த மனிதர் தெருமுனை வரைக்குமாவது போனார். நான் நாற்காலியை விட்டே எழுந்திருக்கவில்லை. இதில் அவரைக் கேலி செய்ய எனக்கு என்ன யோக்கியதை என்று கேட்டுவிடாதீர்கள்.

சரி, உங்களிடம் வருகிறேன். வருகிற ஞாயிறு ஆராதனை முடிந்து, நீங்கள் பையில் வண்டிச் சாவியைத் துழாவிக்கொண்டிருக்கும்போது, கடைசி வரிசையிலிருந்து யாராவது ஒருவர் தயங்கித் தயங்கி வந்து, "ஒரு சின்ன உதவி" என்று ஆரம்பிப்பார். முழுவதையும் கேளுங்கள். பிறகு உங்கள் வாயிலிருந்து முதலில் வருவது "எத்தனை மணிக்கு?" என்பதாக இருந்தால், இந்தக் கட்டுரை உங்களைப் பற்றியது அல்ல. வேறு எது வந்தாலும், எவ்வளவு பக்தியான வார்த்தையாக வந்தாலும், வந்து உட்காருங்கள். நான்காவது வரிசையில் என் பக்கத்தில் இடம் இருக்கிறது.