கனேகுஜிரா செருப்பணிந்த படலம்

பராக், பராக்! பதினான்கு ஆண்டுகள் தோற்றும் தளராத் தோளினன், நூற்று நாற்பத்தெட்டு கிலோ நிறையால் நிலமகளை நெளியவைத்த நெடுந்தாளினன், ஆப்பிள் விளையும் அவோமோரிக் குளிர்நாடன், இருபது பேர் உண்ட கொப்பரையைத் தன்னந்தனியே தேய்த்துக் கவிழ்க்கும் தடக்கையினன், 'இரும்புத் திமிங்கிலம்' எனப் பொருள்படும் திருநாமம் பூண்ட கனேகுஜிரா வருகிறான், வழிவிடுங்கள்! சுமோ மல்லருலகின் ஆறு படிகளில் கீழிருந்து இரண்டாவதை மற்றவரெல்லாம் மிதித்து மேலே போக, அவன் ஒருவனே அதைக் குடியிருப்பாகக் கொண்டான். தரவரிசைத் தாளில் அவன் பெயரைப் படிக்கப் பூதக்கண்ணாடி வேண்டும்.

வேந்தர்க்குப் பெருமை முடியில், அவனுக்கோ அடியில். இரண்டாம் படியினர் மழையானாலும் உறைபனியானாலும் மரத்தாலான பாதக்குறட்டைத்தான் மாட்டித் திரிய வேண்டும். தோலடி தைத்த செருப்பு மூன்றாம் படி ஏறியவனுக்கே உரியது. இது மல்லர்குலம் வகுத்த மாறா நீதி. வந்த மூன்றாம் ஆண்டிலேயே, "அடுத்த தடவை ஏறிருவேடா" என்று எவனோ போகிறபோக்கில் சொன்னதை வேதவாக்காகக் கொண்டு, அச்செருப்பை முன்கூட்டியே வாங்கிப் பெட்டியில் வைத்த பேரறிவாளன் நம் தலைவன். நீதிக்கு அஞ்சி ஒருநாளும் காலில் மாட்டிப் பார்த்ததில்லை. புத்தாண்டுதோறும் திறப்பான், துடைப்பான், பெருமூச்செறிந்து மூடுவான். இப்படியே பதினோரு ஆண்டு போயிற்று.

அவன் தங்கிப் பயின்ற மல்லர்கூடத்தில் அகிமினே என்றொரு பத்தொன்பது வயதுக் காளை. முந்தாநாள் முளைத்த இக்காளான், வந்த இரண்டே ஆண்டில் மூன்றாம் படி ஏறித் தோலடிச் செருப்பில் ஓசையின்றி உலவினான். உலவியதோடு விட்டானா, பாவி?

"அண்ணே, நீங்க வர்றது ரெண்டு தெருவுக்கு முன்னாடியே கேக்குது. தூங்குற பூனையெல்லாம் எந்திரிச்சு வழிவிடுது!"

"சிரிடா, நல்லா சிரி. என் பெட்டியில இருக்கறது வெளிய வரட்டும், அன்னிக்குப் பேசிக்கிறேன்."

"அதுல இருக்கறது செருப்பாண்ணே? நான் யாரோட அஸ்தியோன்னு நெனச்சேன்."

சினத்தீ கண்வழி சிதற, மீசையில்லா மேலுதடு துடிக்க, வேங்கையென எழுந்து வெளியேறினான் கனேகுஜிரா. கடக் கடக்கென்று அதுவும் தெருமுனை வரை கேட்டது.

நவம்பர் வந்தது, ஃபுகுவோகா நகரில் போர்முரசு முழங்கியது. இம்முறை அவன் நின்றது இரண்டாம் படியின் உச்சி விளிம்பில். ஏழு போரில் நான்கு வென்றால் ஏற்றம் உறுதி. மூன்று வென்று மூன்று தோற்றிருந்தான். ஏழாம் போர் காலை பத்து மணிக்கு. கடலெனப் பரந்த அவ்வரங்கில் குழுமிய பெருஞ்சேனை இருபத்தாறு பேர்; அவருள் நால்வர் உறங்கினர்.

மேல்படிகளின் மல்லரைப்போல் உப்பு வாரி இறைக்கவோ, முறைத்து முறைத்து நேரம் கடத்தவோ கீழ்ப்படியினர்க்கு வழியில்லை; வட்டத்துக்கு வெளியே முதலில் கால் பதிப்பவன் தோற்றான், அவ்வளவே; குனிந்தார்கள், முட்டினார்கள். ஓகினோமாரு எனும் எதிரி உந்த, நம் தலைவன் பின்வாங்க, அவன் மேலும் உந்த, இவன் மேலும் பின்வாங்க, தொந்தியொடு தொந்தி பொருத ஓசை எண்டிசையும் அதிர, குதிகால் வட்டத்து வைக்கோல் வரம்பில் ஏற, முதுகு வெறும் வெளியில் வளைய, பதினான்கு ஆண்டும் ஒரு கணத்தில் கவிழவிருந்த அந்த வேளையில், ஐயகோ, எதிரியின் வலக்காற் பெருவிரல் ஆர்வமிகுதியால் வரம்பைத் தாண்டி வெளிமணலில் முதலில் பதிந்தது!

பெருவிரலே! வெற்றித்திருவின் வாயிலே! உன் சுவடு ஒன்றரை அங்குலம். உன் புகழோ ஊழிக்காலம்! கண்ணைத் திறந்த கனேகுஜிரா தோற்றேன் என்றே எண்ணித் தலைகவிழ்ந்து இறங்கப் போனான். வென்றவனைக் காட்டும் விசிறியை அவன் பக்கம் நீட்டியபடி நடுவர் பல்லைக் கடித்தார். "யோவ், எங்கய்யா போறே? ஜெயிச்சது நீதான், வந்து உக்காரு!"

டிசம்பரில் டோக்கியோவில் புதிய தரவரிசைத் தாள் வந்தது. பூதக்கண்ணாடி கைமாறிக் கைமாறி, மூன்றாம் படியின் அடிமட்டத்தில் மயிரிழை எழுத்தில் அவன் பெயரைக் கண்டுபிடித்தது. கூடத்துத் தலைவர் சிம்மக்குரலில் பிரகடனம் செய்தார்: "கனே, இன்னிலேர்ந்து செருப்பு போட்டுக்கோ. போறப்ப அப்படியே வெங்காயத்தாள் ரெண்டு கட்டு வாங்கிட்டு வந்துரு."

பெட்டி திறந்தது. முப்பத்திரண்டு வயது மாமல்லன் தேம்பித் தேம்பி அழுதான், அழட்டுமே, யாருக்கென்ன? பதினோரு ஆண்டில் செருப்பு விறைத்திருந்தது, கால் அகன்றிருந்தது. திணித்து நுழைத்து எழுந்தான். மலை நடந்தது, மண் அறியவில்லை. பூனை உறங்கியது. வாசலில் முதுகுகாட்டி நின்ற அகிமினே துள்ளி விழுந்தான்.

"அய்யோ! எப்பண்ணே வந்தீங்க? சத்தமே கேக்கலையே!"

கேட்டீரா, புலவீர்காள்! இதற்கன்றோ பதினான்கு ஆண்டு! சுமிதா நதியே, பாய்தலை நிறுத்திப் பார்! தெருவிளக்குகாள், தலைவணங்குங்கள்! மறம் வென்றது, மரம் ஒழிந்தது, மூன்றுலகும் காணாத மோனநடை பயின்று, வீரத்திருவடி ஒன்றன்பின் ஒன்றாய் எடுத்துவைத்து, வெற்றிவேந்தன் காய்கறிக் கடைமுனையைத் திரும்பினான்.

செருப்பு கடித்தது.