மேற்படி புளியமரமும் இரண்டு ரம்பங்களும்

சாலையோரத்துப் புளியமரம் சாய்வதற்கு எந்த ஆபீசிலும் அனுமதி வாங்க வேண்டியதில்லை. சாய்ந்த மரத்தை வெட்டுவதற்குத்தான் வேண்டும். இந்தச் சட்ட நுணுக்கம் 1938ஆம் வருஷம் ஆவணி மாதம் அடித்த ஒரு காற்றில் எனக்குத் தெரியவந்தது.

இண்டூரில் பென்னாகரம் ரோட்டின் மேலேயே எங்கள் வீடு. சமையலறையும் அதை ஒட்டிய சின்ன அறையும் ரோட்டுப் பக்கம். காற்று அடங்கி வெளியே வந்து பார்க்கிறேன், அத்தனை நாள் நிமிர்ந்து நின்ற புளியமரம் பாதி வேர் வெளியே தெரிய எங்கள் சமையலறைக் கூரையைப் பார்த்துக் குனிந்துகொண்டிருந்தது, அடுப்பில் என்ன வேகிறது என்று விசாரிக்கிற மாதிரி.

சமையலறை போனால் போகட்டும், அந்தச் சின்ன அறைதான் என் கவலை. என் மகள் செல்லம்மாளுக்குத் தலைப்பிரசவம். பொம்மிடியில் வாழ்க்கைப்பட்டவள்; பிரசவத்துக்கு அந்த அறையைத்தான் சுண்ணாம்பு அடித்து வைத்திருந்தேன். மரம் சாய்ந்த செய்தி ரயில் வேகத்தில் பொம்மிடி போய்ச் சேர்ந்தது. சம்பந்தியம்மாளிடமிருந்து கார்டு வந்தது: "மேற்படி மரம் இல்லை என்று சர்க்கார் எழுத்து மூலம் தெரிவித்த பின்னர்தான் மருமகளை அனுப்ப இயலும்." அவர்களுடைய அண்ணன் ரயில்வேயில் குமாஸ்தா. வீட்டில் உப்பு தீர்ந்தால்கூட எழுத்து மூலம்தான் தெரிவிப்பார்கள்.

நானும் எழுதினேன். தர்மபுரியில் சாலை மரப் பராமரிப்பு ஆபீஸ் என்று ஒன்று இருந்தது. சேலம் கான்வென்ட்டில் சிஸ்டர்கள் பிரம்பால் அடித்துச் சொல்லிக்கொடுத்த இங்கிலீஷில் ஒரு மனு. "தங்கள் கீழ்ப்படிந்த ஊழியை" என்று முடித்தேன். தலைக்கு மேல் மரம் இருக்கும்போது வேறு எப்படி முடிப்பது?

இருபத்திரண்டாம் நாள் பதில் வந்தது.

"மேற்படி மரத்தை அறுக்க இவ்வலுவலகத்துக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் சர்க்கார் மரத்தை மார்க் உள்ள ரம்பத்தால் மட்டுமே அறுக்கலாகும். எந்த மார்க் என்பதை ஊரார் ஒருமனதாகத் தீர்மானித்துத் தெரிவிக்கவும்."

ஒருமனதாக! இண்டூரில்! மழை பெய்துகொண்டிருக்கும்போது மழை பெய்கிறதா என்று கேட்டால்கூட எங்கள் ஊரில் இரண்டு கட்சி உண்டு.

அதுவும் ரம்பத்தில். எங்கள் ஊரில் மாதப்பன், கிருஷ்ணப்பன் என்று இரண்டு மரமறுக்கிறவர்கள். மாமன் மச்சான். பத்து வருஷம் ஒரே ரம்பத்தின் இரண்டு பிடியைப் பிடித்து இழுத்தவர்கள். ரெட்டைப்பிடி ரம்பத்தில் ஒரு ரகசியம் இருக்கிறது: நம் முறைக்கு இழுக்க வேண்டும், எதிராளி முறைக்குச் சும்மா விட வேண்டும், தள்ளக் கூடாது. ஊரில் இதைத் தெரிந்தவர்கள் இந்த இரண்டு பேர்தான். பழைய ரம்பம் பல் தேய்ந்ததும் புதுசு வாங்க இருவரும் சேலம் போனார்கள். போகும்போது ஒரே வண்டியில் போனவர்கள் வரும்போது இரண்டு வண்டியில் வந்தார்கள். மாதப்பன் தோளில் முதலை மார்க் ரம்பம், கிருஷ்ணப்பன் தோளில் கொக்கு மார்க் ரம்பம்.

விளைவு, ஊரில் இப்போது இரண்டு ரெட்டைப்பிடி ரம்பங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு ஆள். ஆறு மாதமாக ஒரு குச்சிகூட அறுபடவில்லை. ஆனால் கட்சி மட்டும் வளர்ந்துவிட்டது.

"முதலை புடிச்சா விடுமாங்க?" என்பார் மாதப்பன். "அதான் பல்லு!"

"முதலைக்குப் பல்லு விளக்கவே ஆள் வேணும் மாமா," என்பார் கிருஷ்ணப்பன். "எங்க கொக்கு பாருங்க, ஒரே கொத்து."

ரம்பத்தைத் தொட்டே பார்க்காதவர்கள்தான் அதிகச் சூடாக இருந்தார்கள். தபால்காரர் பெரியண்ணன் காக்கிச் சட்டையில் முதலைப் படம் குத்திக்கொண்டு கொக்குக் கட்சிக்காரர்களின் கடிதங்களைக் கடைசியாகக் கொடுத்தார். பெண்கள் ரவிக்கைக் கையில் கொக்கு போட்டுத் தைத்துக்கொண்டார்கள்; தையல்காரனுக்குக் கொக்கு வராமல் பாதிப் பேர் கையில் வாத்து உட்கார்ந்திருந்தது. ஒரு கல்யாணம் நிச்சயம்வரை போய், "பொண்ணு வூட்டுக்காரங்க முதலைங்களாமே" என்று நின்றுபோனது.

எங்கள் வீட்டுக்காரர் பள்ளிக்கூட ஹெட்மாஸ்டர். அரிவாள்மணையைக்கூடச் சுற்றிக்கொண்டு போகிறவர். அவர் கொக்கு.

"உங்களுக்கு என்ன தெரியும் ரம்பத்தைப் பத்தி?" என்றேன்.

"கொக்கு இரும்பு சுவீடன் இரும்பு."

"சுவீடன் எங்கே இருக்கு?"

"வடக்கே," என்று பேப்பரை முகத்துக்கு நேராகத் தூக்கிக்கொண்டார்.

ஆபீஸ் கேட்டபடி கையெழுத்து வேட்டை நடந்தது. முதலைக்கு இருநூற்றுப் பன்னிரண்டு கைநாட்டு, கொக்குக்கும் இருநூற்றுப் பன்னிரண்டு. என்னிடம் இரண்டு கட்சியும் வந்தது. "எனக்குப் பிரசவ அறைதான் கட்சி, போங்கள் எல்லாரும்" என்று விரட்டினேன். ரம்பத்துக்குக் கட்சி கட்டுகிற ஜனங்களை நான் மனிதரிலேயே சேர்ப்பதில்லை என்று அப்போது சொன்னதாக ஞாபகம்.

சமநிலை ஏற்பட்டுவிட்டதால் தர்மபுரி ஆபீசின் மேற்பார்வையாளர் ராஜாமணி அவர்களே நேரில் விஜயம் செய்தார். காக்கித் தொப்பி, கையில் கோப்பு. நாற்காலியை ரோட்டின் எதிர்ப்புறம் போடச் சொல்லி, மரத்தை அரைமணி நேரம் பார்த்தார்.

"மரம் சாய்ந்திருக்கிறது," என்றார்.

"ஆமாங்க," என்றது ஊர்.

"இதைக் குறித்துக்கொள்ள வேண்டும்," என்று குறித்துக்கொண்டார்.

பிறகு தீர்ப்பு. "சர்க்கார் யார் பக்கமும் சாயாது. ஆகவே இரண்டு ரம்பங்களும் ஏக காலத்தில், மரத்தின் இரண்டு பக்கமும், நடுவை நோக்கி அறுக்க வேண்டியது. எது முதலில் நடுவைத் தொடுகிறதோ அதுவே இந்தச் சாலையின் அதிகாரபூர்வமான மார்க்."

"ஐயா, அப்ப மரம் எந்தப் பக்கம் விழும்?" என்று கேட்டேன்.

அவர் என்னைக் கருணையோடு பார்த்தார். "அம்மா, நான் அறுப்பதைப் பற்றிப் பேசுகிறேன். விழுவது அடுத்த கட்டம்."

வீட்டுப் பக்கம் முதலை. மாதப்பனுக்கு ஜோடி தபால்காரர். ரோட்டுப் பக்கம் கொக்கு. கிருஷ்ணப்பனுக்கு ஜோடி, வேட்டியை மடித்துக்கட்டிய எங்கள் ஹெட்மாஸ்டர். மேளம்கூட ஏற்பாடாகியிருந்தது.

"ஐயா, இழுங்க. தள்ளாதீங்க," என்று கெஞ்சினார் கிருஷ்ணப்பன்.

"நான் இழுக்கத்தானே செய்கிறேன்?"

"நான் இழுக்கறப்ப நீங்க இழுக்காதீங்க சாமி!"

"எனக்கென்ன சோம்பேறிப் பட்டமா? நீ வேலை செய்யும்போது நான் சும்மா நிற்பதா?"

அந்தப் பக்கம் தபால்காரர் தள்ளினார், முதலை நெளிந்தது. இந்தப் பக்கம் ஹெட்மாஸ்டர் இழுத்தார், கொக்கு வில்லாக வளைந்தது. இருந்தும் மத்தியானத்துக்குள் இரண்டு பக்கமும் முக்கால் முழம் போய்விட்டது. அப்போது மரம் "கிர்ர்" என்று ஒரு சத்தம் போட்டது. எல்லாரும் ஓடினார்கள். மரம் விழவில்லை. கொஞ்சம் உட்கார்ந்துகொண்டது. வெற்றிலையை வாயில் அடக்குகிற மாதிரி இரண்டு ரம்பங்களையும் கவ்விக்கொண்டது. பிடியைப் பிடித்துப் பத்துப் பேர் தொங்கினாலும் அசையவில்லை.

இனி யாராக இருந்தாலும் வெட்கப்படுவார்கள் என்றுதானே நினைப்பீர்கள்?

"பாத்தீங்களா!" என்று மாதப்பன் மார்தட்டினார். "மரத்தையே தாங்குது எங்க முதலை. அது மட்டும் இல்லேன்னா இந்நேரம் அம்மா வூடு நசுங்கியிருக்கும்!"

"அட போங்க மாமா, அந்தப் பக்கம் சாயாம பிடிச்சி நிறுத்தியிருக்கறதே எங்க கொக்குதான்!" என்றார் கிருஷ்ணப்பன்.

ராஜாமணி அங்கேயே அறிக்கை எழுதி வாசித்தார்: "மேற்படி மரம் அறுக்கப்பட்டுவிட்டது. விழுதல் மட்டும் பாக்கி. விழுதல் இவ்வலுவலகத்தின் பொறுப்பன்று."

"அப்படியானால் மரம் இல்லை என்று எழுதிக்கொடுங்கள்," என்றேன். "என் மகள் வர வேண்டும்."

"நிற்கிற மரத்தை எப்படியம்மா இல்லை என்று எழுதுவது?" என்று கேட்டுவிட்டு, ஊரார் கொண்டுவந்த இளநீரைக் குடித்தார்.

ஐப்பசி பிறந்து மேகம் கட்டிக்கொண்டது. நான் அடுப்பில் ஒரு கண், கூரையில் ஒரு கண் என்று சமைத்ததில் பத்து நாள் குழம்பில் உப்பு இல்லை. கொக்குக் கட்சி அதைக்கூட முதலையின் சதி என்றது. பொம்மிடியிலிருந்து இன்னொரு கார்டு: "நாள் நெருங்குகிறது. பிரசவத்தை இங்கேயே வைத்துக்கொள்ள உத்தேசம்." அந்தக் கார்டைப் படித்துவிட்டு அன்று முழுக்கப் பாத்திரங்களை உடைக்கிற மாதிரி வைத்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரர் பயந்துபோய்த் தானாகவே தண்ணீர் எடுத்துக் குடித்தார்.

மறுநாள் வத்தல்மலையிலிருந்து ராமக்காள் தேனும் விறகும் கொண்டுவந்தாள். மாதம் ஒரு தடவை வருகிறவள். தோளில் விறகு வெட்டுகிற கோடாலி. தலைச்சுமையை இறக்கிவிட்டு மரத்தை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தாள்.

"ஏம்மா, இத யாரு இப்பிடி ரெண்டு பக்கமும் கடிச்சி வெச்சது?"

"சர்க்கார்."

"ஓ," என்றாள். அதற்கு மேல் கேட்கவில்லை. "உங்க வூட்டுப் பக்கம் போற ரெண்டு கொம்புதாங்க கனம். அத எறக்கிட்டு, ரோட்டுப் பக்கமா கவுத்தப் போட்டு ரெண்டு ஜோடி மாடு இழுத்தாப் போதும்."

"கவுத்தப் போடுவது" என்றால் கயிற்றைப் போடுவது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஒரு மாதமாக அந்த ரோட்டில் யாரும் பேசாத தமிழை அவள் பேசினாள்.

முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு ஏறினாள். கூரையின் ஓடு ஒன்றுகூட உடையாமல் கிளைகளைக் கோடாலியால் துண்டு துண்டாக வெட்டிக் கயிற்றில் கட்டி இறக்கினாள். சாயங்காலத்துக்குள் மாடுகள் இழுத்தன. நடுவில் அறுபடாமல் நின்ற மரம் முறிந்து, ரோட்டின் குறுக்கே, ராஜாமணி வந்த அன்றிலிருந்து அங்கேயே கிடந்த நாற்காலியின் மேல் சரியாக விழுந்தது. நாற்காலி காலியாக இருந்ததில் ஊருக்கு ஒரு சிறு வருத்தம்.

மரம் ரோட்டுப் பக்கம் சாய்ந்ததால் வீட்டுப் பக்கத்து வாய் திறந்து முதலை கீழே விழுந்தது, சேதமில்லாமல். கொக்கு உள்ளேயே மடங்கிப்போனது.

"எங்க முதலை தப்பிச்சிது பாருங்க!"

"தப்பிச்சி ஓடறதெல்லாம் ஒரு பெருமையா மாமா? எங்க கொக்கு கடைசிவரைக்கும் எடத்த வுட்டு நகரலையே!"

அடிமரத்தைத் துண்டு போட ஒரே ரம்பம்தான் மிச்சம். மாமனும் மச்சானும் பத்து வருஷத்துப் பழக்கப்படி எதிரெதிரே உட்கார்ந்தார்கள். கிருஷ்ணப்பன் மடங்கின ரம்பத்திலிருந்து கொக்குப் படச் சீட்டை உரித்துத் தன் பக்கத்துப் பிடியில் ஒட்டிக்கொண்டார். "உங்க பக்கம் முதலை, எம் பக்கம் கொக்கு," என்றார். சண்டை போட்டுக்கொண்டே வெண்ணெய் மாதிரி அறுத்தார்கள்.

ராஜாமணி மூன்றாம் நாள் வந்தார். மரம் இல்லாத இடத்தை அரைமணி நேரம் பார்த்தார். படிவத்தை எடுத்தார்.

"வீழ்த்திய கருவி?"

"கோடாலி," என்றேன்.

"மார்க்?"

"மார்க் இல்லை. நம்மூர்க் கொல்லர் அடித்தது."

பேனாவை மூடிவிட்டார். "மார்க் இல்லாத கருவியால் வீழ்த்தப்பட்ட மரம், விதிப்படி, நின்றுகொண்டிருப்பதாகவே கருதப்படும்."

"ஐயா, அது துண்டு துண்டாக உங்கள் காலடியில் கிடக்கிறது!"

"கிடக்கலாம். விதிப்படி நிற்கிறது."

மகளுக்கு இன்னும் பதினைந்து நாள்தான் இருந்தது. நான் மேலே பார்த்தேன். சுவரில் ஒரு பல்லி இருந்தது.

"மறந்துவிட்டேன். பல்லி மார்க்," என்றேன்.

"பல்லி மார்க்," என்று மரியாதையாக எழுதிக்கொண்டார். "கேள்விப்பட்டிருக்கிறேன். நல்ல சரக்கு."

சான்றிதழ் வந்தது. செல்லம்மாள் வந்தாள். சுண்ணாம்பு அடித்த அறையில் பெண் குழந்தை பிறந்தது. விஷயம் இதோடு முடிந்திருக்க வேண்டும்.

அடுத்த மாதம் ராமக்காள் குழந்தைக்குத் தேனோடு வந்தாள். தோளில் கோடாலி இல்லை.

"அது பழசுங்கம்மா, மார்க்கே இல்லாதது," என்றாள் வெட்கத்தோடு. "மலையில எல்லாரும் பல்லி மார்க் பல்லி மார்க்குங்கறாங்க. சர்க்காரே எழுதிக்கிச்சாமே. அது எங்கீங்க கெடைக்கும்?"

உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆண்டவன் சாட்சி. ஆனால் அதே நேரம் பார்த்து வேலி ஓரமாகப் போன மாதப்பன் மனைவி தங்கம்மாள் நின்று சிரித்தாள்.

"பல்லியாம் பல்லி! அதென்ன தனி மார்க்கா? எங்க முதலைக் குட்டிதானே அது!"

எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ அந்தக் கோபம்.

"வாயை அளந்து பேசு தங்கம்மா!" என்று எழுந்து நின்றுவிட்டேன். "உங்கள் முதலை மரத்தில் மாட்டிக்கொண்டு கிடந்ததை ஊரே பார்த்தது. வந்து மரத்தைச் சாய்த்தது பல்லி. சர்க்கார் சான்றிதழ் இருக்கிறது, கொண்டுவந்து காட்டட்டுமா?"

உள்ளே குழந்தை அழுதது. பேப்பருக்குப் பின்னாலிருந்து எங்கள் வீட்டுக்காரர் மெதுவாக எட்டிப் பார்த்தார். நான் ராமக்காளைப் பக்கத்தில் இழுத்துக் குரலைத் தாழ்த்திக்கொண்டேன்.

"கொல்லரிடம் நான் சொன்னேன் என்று சொல். வால் இடது பக்கம் வளைந்திருக்கிறதா பார்த்து வாங்கு. இப்போது போலி நிறைய வருகிறது."