நான் தலையாட்டி இறக்கிய கூரை

சபையில் எழுப்பிவிட்டால் எனக்கு வாய் திறக்காது, தலை மட்டும் ஆடும். அந்தத் தலை ஒரு நீச்சல் மண்டபத்தையே தரைமட்டமாக்கப் பார்த்ததை இப்போதுதான் எழுதத் துணிகிறேன்.

இரண்டாயிரத்துச் சொச்சம். ஜேர்மனியில் பிராங்பேர்ட்டுக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில் புது நீச்சல் மண்டபம் கட்ட, நகரசபை கூட்டம் வைத்துச் சனத்திடம் கருத்துக் கேட்டது. படத்தில் ட்ராம் தரிப்பிடத்தைப் பார்த்த சுவர் முழுக்கக் கண்ணாடி.

"ட்ராமுக்கு நிக்கிற சனமெல்லாம் பாக்க நான் நீந்தமாட்டன்" என்றார் எங்கள் நீச்சல் வகுப்பு ராணியக்கா. சனிக்கிழமைகளில் நீந்தப் பழகிய மற்றப் பெண்களும் அதையே சொன்னார்கள். கண்ணாடியின் கீழ்விளிம்பை ஆள் உயரத்துக்கு மேலே உயர்த்தாவிட்டால் எங்கள் வகுப்பு அவ்வளவுதான். கேட்க என்னை எழுப்பிவிட்டார்கள். (துப்புரவு வேலையில் பொறுக்கிய டொச்சு, அதுதான் ஜேர்மன் மொழி, என்னிடம் நாலு சொல் கூடவாம்!)

படத்தை வரைந்த இளைஞர் மண்டபம் முழுவதையும் கணினியில் எண்களால் பிணைத்து வைத்திருந்தார். ஓர் எண்ணை மாற்றினால் போதும்: கண்ணாடி சிறுக்கும், கூடவே கூரை பதியும், குளமும் சுருங்கும். நான் ஒருமாதிரிக் கேட்டு முடித்ததும் எண்ணைத் தள்ளினார். பெரிய திரையில் கண்ணாடி ஆள் உயரத்துக்கு மேலே ஏறியது.

"இப்படிச் சரியா?"

தலையை இரண்டு தோளுக்குமாகச் சாய்த்து ஆட்டினேன். ஓம், நல்லது, போதும் என்று அர்த்தம். அவர் இல்லை என்று எடுத்துக்கொண்டு இன்னும் தள்ளினார். கண்ணாடி கீற்றானது. கூரை பதிந்தது.

"இப்போது?"

முகத்துக்கு நேரே 'கூடிப்போச்சு' என்று சொல்ல நா எழவில்லை. இன்னும் வேகமாக ஆட்டினேன். குளம் பாதியானது. நீச்சல் கழகத்துக் கிழவர்கள் எழுந்து கத்தினார்கள். கூட்டத் தலைவர் எங்கள் கோரிக்கையை வெட்டப் பேனையை எடுத்தார்.

"எடியே கமலா, வாயைத் திற! குளத்தையே மூடப்போறான்!"

"ஏலாதக்கா..."

ராணியக்கா பாய்ந்து என் தலையை இரண்டு கைகளாலும் அமுக்கிப் பிடித்தார். ஆட வழியில்லாமல் போனதும் டொச்சு வாயால் வந்தது: "முதலாவது! முதல் காட்டினதுதான் நல்லது!"

இளைஞர் எண்ணைப் பின்னுக்கு இழுத்தார். கூரை எழும்ப, குளம் நீள, கண்ணாடி ஆள் உயரத்துக்கு மேலே நின்றது. கிழவர்கள் கைதட்டினார்கள். தலைவர் பேனையை மூடினார். அப்படியே கட்டினார்கள், நாங்களும் நீந்தினோம்.

கதை வீட்டுக்கு எனக்கு முன்னமே போய்விட்டது. என் மருமகன் டொச்சுக்காரர். இன்றைக்கும் எனக்குக் கறி போட வந்தால் முதலில் கரண்டியைக் கீழே வைக்கிறார். பிறகு இரண்டு கைகளாலும் என் தலையைப் பிடித்துக்கொண்டு தமிழில் கேட்கிறார்: "மாமி, ஓமோ, இல்லையோ?"