உளவளத் துணி

புத்தளத்தில் இடிச் சத்தம் கேட்காத வீடு இருக்கலாம், ஹலோ நானாவின் குரல் கேட்காத வீடு இருக்க முடியாது. ஆட்டோவின் தலையில் இரண்டு ஸ்பீக்கரைக் கட்டி ஊருக்கு அறிவித்தல் சொல்வதுதான் அவருடைய தொழில். "ஹலோ, ஹலோ" சொல்லாமல் எதையும் தொடங்கமாட்டார். அந்த ஸ்பீக்கர்களுக்குக் கீழேயே வாழ்ந்ததில் காது பாதி போய்விட்டது. யாரோ மௌத்தாகி அடக்கம் செய்யும் செய்தியோ ஆடு தொலைந்த செய்தியோ, எல்லாவற்றுக்கும் ஒரே அழுகை ராகம். ஒருமுறை அவர் கலியாண விருந்துக்கு அழைத்ததைக் கேட்டு, தில்லையடியில் பாதிப் பேர் முகத்தைத் தொங்கப்போட்டு வந்து மாப்பிள்ளையின் கையைப் பிடித்து, "பொறுமையா இருங்க மகன்" என்றார்கள்.

வீட்டு வாசலில் நின்று மனைவியிடம் தேத்தண்ணி கேட்பதும் மைக்கில்தான். சீனி குறைவென்றால் அதுவும் தெருவுக்கே தெரியும்.

வெள்ளம் வந்தபோது நாங்கள் எல்லோரும் பள்ளிக்கூடத்து முகாமில் இருந்தோம். கழுத்தளவு தண்ணீருக்குள்ளால் என் உம்மாவைத் தூக்கி வந்திருந்தேன். அன்றிலிருந்து உம்மா ஒரு சொல் பேசவில்லை. நித்திரையிலும் வாய் ஓயாத மனிசி, ஜன்னலால் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மனச்சுமை உள்ளவர்களோடு கதைக்கவென்று கொழும்பிலிருந்து உளவளத்துணை மிஸ் ஒருவர் வந்தார். வகுப்பறையில் கதிரை போட்டுக் காத்திருந்தார். ஈ, காக்கா கூட எட்டிப் பார்க்கவில்லை. "எங்களுக்கென்ன பைத்தியமா?" என்று எல்லோருக்கும் ரோஷம். உம்மாவும் அசையவில்லை.

கடைசியில் மிஸ், முகாம் வாசலில் ஆட்டோவோடு நின்ற ஹலோ நானாவைப் பிடித்தார். "நானா, உளவளத்துணை இருக்கு, எல்லாரையும் வரச் சொல்லுங்க."

"துணியா? ஓம் ஓம், சொல்றேன்."

"ஹலோ, ஹலோ! கொழும்பு மிஸ் உளவளத் துணி தாறாங்க! நல்ல தடிப்பான துணி! முந்தி வாறவங்களுக்கு மட்டும்!"

தடிப்பு அவருடைய சொந்தச் சரக்கு.

முகாமே வகுப்பறை வாசலில் நெரிந்தது. எல்லோரையும் தள்ளிக்கொண்டு முன்னால் நின்றவர் யாரென்று பார்த்தால், என் உம்மா!

மிஸ் தடுமாறிப்போனார். "துணி இல்லம்மா... கதைக்கத்தான் கூப்பிட்டோம்."

உம்மா மெதுவாக நானாவின் பக்கம் திரும்பினார்.

"அடேய் செவிட்டு மனிசா! துணி எங்கடா? என்ட அலுமாரி நெறையத் துணி இருந்திச்சு! கலியாணச் சாரி இருந்திச்சு! அவர் மௌத்தாகிப் போனாலும் அவர்ட சாரத்த மடிச்சு வெச்சிருந்தேன்டா! எல்லாம் தண்ணில போய்ட்டே!"

திட்டு நடுவில் அழுகையானது. மிஸ் கதிரையை இழுத்துப் போட்டார். உம்மா உட்கார்ந்து வாப்பாவின் சாரத்தில் தொடங்கி பின்னேரம் அஸர் பாங்கு சொல்லும்வரை கதைத்தார். பின்னால் நின்றவர்களும் கலையவில்லை. ஒவ்வொருவருக்கும் தண்ணீரோடு போன துணி ஒன்று இருந்தது.

வெளியே வந்த மிஸ், நானாவின் காதுக்குள் கத்தினார். "நாளைக்கும் இப்பிடியே சொல்லுங்க நானா!"

"என்னது, சல்லியா? காசெல்லாம் வேணாம் மிஸ்!"

இப்போதும் மழைக்கு வானம் கறுத்தால் உம்மாவின் வாய் கட்டிவிடும். அப்போது எங்கள் வாசலில் ஆட்டோ வந்து நிற்கும். "ஹலோ, ஹலோ! ராத்தா, துணி வேணுமா?" உம்மா பாய்ந்து போய்த் திட்டுவார். திட்டி முடியும்வரை நானா ஆட்டோவை ஸ்டார்ட் பண்ணமாட்டார்.

அந்த மனிசனுக்கு அல்லாஹ் நீண்ட ஆயுளைக் கொடுக்கட்டும். காது மட்டும் இப்படியே இருக்கட்டும்.