தேனிலவுக்கு மூன்று பர்த்

குடித்தால் எல்லோரும் ஒரே மாதிரிதான் உளறுவார்கள். மறுநாள் காலையில்தான் ஆளுக்கு ஆள் வித்தியாசம் தெரியும். என் மாமனாருக்கு ஒன்று விடாமல் ஞாபகம் இருக்கும். எனக்கோ துடைத்துப் போட்டது போல ஒன்றுமே இருக்காது.

நிச்சயதார்த்தம் முடிந்த சாயங்காலம், கோவளத்தில் அவருடைய படகின் நிழலில் உட்கார்ந்து ஆளுக்குச் சரிசமமாகத்தான் பீர் குடித்தோம். அவர் வறுத்த நெத்திலியை மென்றபடி கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்தார். நான் பதற்றத்தில் காலையிலிருந்தே சாப்பிடவில்லை, மடமடவென்று கவிழ்த்தேன். (அப்படிக் குடித்தால் சிலருக்கு மூளை பதிவை நிறுத்திவிடுமாம், வாய் மட்டும் ஓடிக்கொண்டே இருக்குமாம். நாவலூர் ஆபீஸில் என்னோடு வேலை பார்ப்பவன் பிறகு சொன்னான். முன்னாடியே சொல்லித் தொலைத்திருக்கலாம்.)

மறுநாள் காலை மாமா கேட்டார்: "மாப்ள, நேத்து சொன்னதெல்லாம் நெனப்பு கீதுல்ல?"

இல்லை என்றால் குடிகாரன் என்று பெயர் வரும், அவர் மகள் செல்வி கிடைக்க மாட்டாள். "இன்னா மாமா இப்டி கேட்டுட்டீங்க? சொன்னா சொன்னதுதான்" என்றேன். மாமாவின் கண் கலங்கிவிட்டது. எதற்கென்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

கல்யாணம் முடிந்து, கொடைக்கானல் போக செங்கல்பட்டு ஸ்டேஷனில் நின்றபோதுதான் விஷயம் விளங்கியது. சட்டை முதுகோடு ஒட்டுகிற புழுக்கத்தில், ஸ்வெட்டரும் குரங்குக் குல்லாவுமாக மாமா வந்து சேர்ந்தார்.

"வழியனுப்ப எதுக்குப்பா குல்லா?" என்றாள் செல்வி.

"நானும்தாம்மா வரேன். மலையே பாத்தது இல்லன்னு சொன்னேன். மாப்ள அழுதுகினே என் கைய புடிச்சி, நீங்க இல்லாம இன்னா ஹனிமூனு மாமான்னாரு. அதான் உங்க பொட்டிலயே டிக்கெட்டு போட்டுட்டேன்."

செல்வி என் பக்கம் திரும்பினாள். "நீயா கூப்ட்ட?"

குல்லாவுக்குள் மாமாவின் முகம் சின்னப் பிள்ளை மாதிரி மலர்ந்திருந்தது. "நான்தான்" என்றேன்.

கீழ் பர்த்தில் செல்வி, நடு பர்த்தில் மாமா, மேலே நான். அதுதான் எங்கள் தேனிலவின் தொடக்கம். கொடைக்கானலில் எடுத்த எல்லாப் போட்டோவிலும் எங்களுக்கு நடுவில் அந்தக் குரங்குக் குல்லா இருக்கிறது.

"என் மாப்ள குடிச்சாலும் வார்த்த மாறாத ஆளு" என்று மாமா இன்னும் ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறார். நான் குடியை விட்டே வருஷக்கணக்காகிறது. ஆனாலும் வீட்டில் எதற்காவது நான் சரி என்று தலையாட்டினால் செல்வி உடனே கேட்பாள்: "நெனப்போடதான் சொல்றியா, இல்ல எங்கப்பாவ குல்லா எடுத்து வைக்கச் சொல்லவா?"